சும்மா இருக்கத் தெரியாத சின்க் சாப்ட்வேர்

ஒவ்வொரு புரோகிராமும் பிராசசரில் எத்தனை சதவீதம் எடுக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் எல்லாரும் எந்த புரோகிராம் மேலே நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள். நான் அந்த எண் அசைகிறதா, அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பேன். போனில் உள்ளதைக் கம்ப்யூட்டரோடு ஒத்துவைக்கும் சின்க் சாப்ட்வேர் ஒன்று 8, 31, 14, 40 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அது ஏதோ வேலை பார்க்கிறது என்று அர்த்தம், உருப்படியான வேலையோ வெட்டி வேலையோ அது வேறு விஷயம். அதுவே 25 என்று ஏறி, நீங்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்க்கும்போதும் அதே 25-ல் நின்றால் கதையே வேறு. நான்கு கோர் (தனித்தனியே வேலை செய்யும் பகுதி) உள்ள பிராசசரில் ஒரு கோர் முழுசாகப் போனால் மொத்தத்தில் அது 25 சதவீதம். எட்டு த்ரெட் (விண்டோஸ் எண்ணும் கோர்) உள்ள லேப்டாப்பில் இதே நோய் 12 அல்லது 13 என்று தெரியும், பதினாறு த்ரெட் என்றால் வெறும் 6. எண் சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். ஆனால் உள்ளே ஒரு கோர் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும், ஃபேன் கத்திக்கொண்டிருக்கும்.

இதை எழுதக் காரணம் பெரியப்பா மகன், அண்ணன், மன்னார்குடியில் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் கடை என்று பெயர்தானே தவிர, இப்போது அங்கே நடப்பதில் பாதி வாட்ஸ்அப் வேலை. வருகிறவர் ஆதாரை, பேங்க் பாஸ்புக்கை, பிள்ளையின் ஹால் டிக்கெட்டை கடை போனுக்கு அனுப்புவார், அண்ணன் அதை பிரிண்ட் போடுவார். போன் நாள் முழுக்க யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடுதான் இருக்கும். போன் வாங்கியபோது கூடவே அந்தக் கம்பெனியின் சின்க் சாப்ட்வேரையும் யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் (பெயர் வேண்டாம், இந்த வகையில் பல பெயர்கள் உண்டு, குணம் ஒன்றுதான்). தொடர்பு எண்கள், போட்டோ, வாட்ஸ்அப் ஃபைல் எல்லாவற்றையும் அது கம்ப்யூட்டருக்கு இழுத்து வைக்கும். கம்ப்யூட்டர் பழைய ஐ5, 3470. 2012-ல் வந்தது, நான்கு கோர், நான்கே த்ரெட். பிரிண்ட் போடவும் பிடிஎஃப் திறக்கவும் அது இன்றைக்கும் தாராளமாகப் போதும்.

ஆனால் போதவில்லை. பிடிஎஃப் திறக்க அரை நிமிடம், மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது, கடையில் வரிசை நிற்கிறது.

"ரேம் பத்தலையாம்டா. பார்மட் அடிச்சிட்டு எஸ்எஸ்டி போட்டா சரியாயிடும்னு சர்வீஸ் பையன் சொல்றான்."

"கொஞ்சம் பொறுங்கண்ணே. எதுக்கு இப்படி மூச்சு வாங்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் செலவு பண்ணலாம்."

பார்மட் அடிப்பது நம் ஊரில் ஒரு வைத்திய முறை. சர்வீஸ் செய்கிற பையன்களைக் குறை சொல்லவில்லை. ஒரு மெஷினுக்குக் கிடைக்கும் முந்நூறு ரூபாய்க்கு உட்கார்ந்து காரணம் தேடினால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பார்மட் அடித்ததும் வாடிக்கையாளர் முதலில் என்ன கேட்பார்? "அந்த போன் சாப்ட்வேரையும் போட்டுக் குடுத்துடுங்க தம்பி." அதே சாப்ட்வேர், அதே செட்டிங், கொஞ்ச நாளில் அதே நோய். எஸ்எஸ்டி, அதாவது வேகமான டிஸ்க், நல்ல விஷயம்தான், போட்டால் எல்லாமே வேகமாகும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து ஒரு கோரைத் தின்றுகொண்டிருக்கும் லூப்பை எஸ்எஸ்டி நிறுத்தாது.

சரி, என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர். முதல் பக்கம் அழகாக இருக்கும், ஆனால் பலதை ஒரே பெயருக்குக் கீழே மடித்து வைத்துவிடும், அதனால் டீட்டெயில்ஸ் பக்கத்துக்குப் போய்விடுவது நல்லது. அங்கே சின்க் சாப்ட்வேரின் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் பகுதி) 25-ல் நிற்கிறது. போனைப் பிடுங்கினேன். 25. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் மேலே போக வேண்டாம், ஏனென்றால் உண்மையிலேயே ஃபைல் நகர்த்திக்கொண்டிருக்கும் புரோகிராம் போன் போனதும் அடங்கிவிட வேண்டும். போனே இல்லாதபோதும் அடங்காத புரோகிராம் எதையோ தேடுகிறது.

எதைத் தேடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு கருவி உண்டு, பிராசஸ் மானிட்டர். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-ல் ஆரம்பித்த சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளது, 2006-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது, இன்றும் இலவசம். இன்ஸ்டால் செய்ய வேண்டியதுகூட இல்லை, ஃபைலை இரண்டு தட்டு தட்டினால் ஓடும். திறந்ததும் மிரண்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு புரோகிராமும் எந்த ஃபைலைத் தொடுகிறது, விண்டோஸ் செட்டிங்குகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எந்தக் கீயைப் படிக்கிறது என்று ஒவ்வொரு வரியாகக் கொட்டும், நொடிக்கு ஆயிரக்கணக்கில். ஃபில்டரில் சின்க் சர்வீஸின் பெயரை மட்டும் கொடுத்து, பத்து நொடி ஓடவிட்டு நிறுத்தினாலே போதும். அதற்கு மேல் விட்டால் இந்தக் கருவியே ரேமைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

திரை முழுக்க ஒரே வரி. மேலே இழுத்தாலும் அதே வரி, கீழே இழுத்தாலும் அதே வரி. இ டிரைவில் 'போன் பேக்கப்' என்ற போல்டருக்குள் ஏதோ ஒரு ஃபைலைத் திறக்கப் பார்க்கிறது, பக்கத்து கட்டத்தில் 'பாத் நாட் ஃபவுண்ட்' என்று விடை வருகிறது, உடனே மறுபடி திறக்கப் பார்க்கிறது. டூல்ஸ் மெனுவில் ஃபைல் சம்மரி என்று ஒன்று இருக்கிறது, எந்தப் பாதையை எத்தனை முறை தொட்டது என்று கணக்குப் போட்டுக் காட்டும். அதில் இந்த ஒரு பாதை மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட எங்கேயோ உயரத்தில் இருந்தது.

"அண்ணே, இ டிரைவ்ல என்ன இருந்துச்சு?"

"வெளிய மாட்டுற ஹார்ட் டிஸ்க். அது போயிடுச்சுடா, தீபாவளிக்கு முன்னாடியே. புதுசு வாங்கி மாட்டியிருக்கேனே."

அவ்வளவுதான். புது டிஸ்க்கும் 'இ' என்ற எழுத்தையே எடுத்துக்கொண்டது. அதில் அந்தப் போல்டர் இல்லை. சாப்ட்வேர் எழுதியவர் போல்டர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. ஒரு செய்தி காட்டியிருக்கலாம், புதிதாக ஒரு போல்டரை உருவாக்கியிருக்கலாம், குறைந்தபட்சம் பத்து நொடி கழித்து மறுபடி பார்க்கலாம் என்று விட்டிருக்கலாம். இவை எதையும் செய்யாமல், "இல்லை, இல்லை, இல்லை" என்று விடை வர வர உடனே அடுத்த முறை கேட்கிறது. புது டிஸ்கில் 'போன் பேக்கப்' என்ற பெயரில் ஒரு வெறும் போல்டரை உருவாக்கினேன். டாஸ்க் மேனேஜரில் 25 அப்படியே 0 ஆனது. அண்ணன் ஃபேன் சத்தம் அடங்கியதைக் கேட்டு, கம்ப்யூட்டர் அணைந்துவிட்டதென்று நினைத்து பவர் பட்டனைத் தேடினார்.

இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அந்தப் பிராசசர் 3.2 கிகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு கோர் நொடிக்கு 320 கோடி துடிப்பு. அத்தனையையும் இல்லாத ஒரு போல்டரைத் தேடச் செலவழிக்க வைக்கும் நிரலில் ஒரே ஒரு வரி, 'ஒரு நொடி தூங்கு' என்று இருந்திருந்தால், டாஸ்க் மேனேஜரில் அது 0 என்றுதான் தெரிந்திருக்கும். உண்மையில் தேடவே வேண்டியதில்லை. போன் மாட்டினால் விண்டோஸ் தானே வந்து சொல்லும், டிவைஸ் மாறியது என்று ஒரு செய்தி அனுப்பும். ஒரு போல்டருக்குள் ஃபைல் மாறினால் சொல்லவும் விண்டோஸில் வழி இருக்கிறது. இதே வேலைக்கு லினக்ஸில் ஐநோட்டிஃபை 2005-லேயே 2.6.13 கெர்னலோடு வந்துவிட்டது, மேக்கில் எஃப்எஸ்ஈவென்ட்ஸ் 2007-ல் லெபர்டோடு வந்தது. ரேஷன் கடையில் பெயர் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், அதைவிட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு "சர்க்கரை வந்துடுச்சா, வந்துடுச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் எப்படி? சின்க் சாப்ட்வேரின் பெரும்பாலான பிராசசர் பிரச்சினை, நான் பார்த்தவரை, இதுதான். நகர்த்த வேண்டிய வேலை கொஞ்சம், காத்திருக்கும் நேரம் அதிகம், அந்தக் காத்திருப்பைத்தான் யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை.

இதோடு முடிந்தது என்று எழுந்தால், போனை மறுபடி மாட்டியதும் வேறொன்று ஆரம்பித்தது. இந்த முறை அசையாத எண் இல்லை. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குகிறது, பட்டியலில் ஏடிபி என்ற பெயர் தோன்றுகிறது, மறைகிறது, தோன்றுகிறது.

ஏடிபி என்பது ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ். புரோகிராமர்களுக்காகச் செய்தது, ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து ஆண்ட்ராய்டு போனோடு பேச வேண்டிய பல சாப்ட்வேர்கள் அதன் ஒரு பிரதியைத் தன் போல்டருக்குள்ளேயே வைத்துக்கொண்டு வரும். அது பின்னணியில் ஒரு சர்வராக ஓடும், 5037 என்ற போர்ட்டில் (புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வாசல் எண்). சிக்கல் அங்கேதான். ஒரு நேரத்தில் அந்தப் போர்ட்டில் ஒன்றுதான் உட்கார முடியும். வேறொரு சாப்ட்வேர் தன்னுடைய ஏடிபியை எழுப்பும்போது, ஏற்கெனவே ஓடும் சர்வரின் வெர்ஷன் தன்னுடையதோடு பொருந்தவில்லை என்றால் அதைக் கொன்றுவிட்டுத் தான் உட்காரும். கமாண்ட் விண்டோவில் ஓட்டிப் பார்த்தால் வெர்ஷன் பொருந்தவில்லை, கொல்கிறேன் என்று வெளிப்படையாகவே எழுதும். கொல்லப்பட்டது யாருடையதோ அந்த சாப்ட்வேர் சும்மா இருக்குமா? சர்வர் செத்துவிட்டதே என்று தன்னுடையதை எழுப்பும். அது இதைக் கொல்லும். இது அதைக் கொல்லும். ஒவ்வொரு முறையும் போனோடு புதிதாகக் கைகுலுக்கல், சின்க் ஆரம்பத்திலிருந்து, அது பாதியில் அறுந்து மறுபடி ஆரம்பத்திலிருந்து.

கடையில் போன் திரையைக் கம்ப்யூட்டரில் காட்டும் ஒரு மிரரிங் சாப்ட்வேரும் இருந்தது, அண்ணனின் பையன் கேம் விளையாடப் போட்டது. டீட்டெயில்ஸ் பக்கத்தில் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து கமாண்ட் லைன் என்ற பத்தியைச் சேர்த்தால் ஒவ்வொரு புரோகிராமும் எந்தப் போல்டரிலிருந்து ஓடுகிறது என்று தெரியும். ஒரு ஏடிபி சின்க் சாப்ட்வேர் போல்டரிலிருந்து, இன்னொன்று மிரரிங் போல்டரிலிருந்து. கூகுள் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸில் இருக்கும் புது ஏடிபியை இரண்டு இடத்திலும் வைத்து சமாதானம் செய்யலாம், பல சமயம் வேலை செய்யும். ஆனால் கடை கம்ப்யூட்டருக்கு மிரரிங் எதற்கு? ஸ்டார்ட்அப்பிலிருந்து எடுத்துவிட்டேன். பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதைப் படித்துவிட்டு, சின்க் சாப்ட்வேர் பிராசசரைத் தின்றாலே அது தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். முதல் சின்க் எப்போதும் கனமாகத்தான் இருக்கும். பாம் பைலட் என்ற பழைய கையடக்கக் கருவியின் காலத்திலிருந்தே அப்படித்தான். அதன் சின்க் முறையான ஹாட்சின்கில் இரண்டு வகை இருந்தது, வழக்கமாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் மாறிய பதிவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும், வேறு கம்ப்யூட்டரில் செய்துவிட்டு வந்தால் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும். 2000-ல் நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா, ஐபிஎம் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்த சின்க்எம்எல் என்ற பொது விதிமுறையிலும் இதே 'ஸ்லோ சின்க்' உண்டு. இன்றைய சின்க்திங் என்ற சாப்ட்வேர் முதல்முறை ஒவ்வொரு ஃபைலையும் முழுசாகப் படித்து எஸ்ஹெச்ஏ-256 (ஃபைலின் கைரேகை மாதிரி) கணக்குப் போடும், அப்போது பிராசசர் எகிறும். ஆயிரக்கணக்கான போட்டோ என்றால் ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம். காலையில் அடங்கியிருந்தால் அது நியாயமான வேலை. தினமும் முதல் சின்க்கே நடக்கிறது என்றால்தான் கோளாறு, தன் கணக்குப் புத்தகத்தை அது ஒவ்வொரு நாளும் தொலைக்கிறது என்று பொருள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் ஃபைல் கெட்டிருக்கும், அல்லது அதை எழுத அனுமதி இருக்காது.

தொடர்பு எண்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரே போனை இரண்டு இடத்தோடு சின்க் செய்து வைத்திருப்பார்கள், ஒன்று கம்பெனி சாப்ட்வேர், இன்னொன்று மெயில் கணக்கு. ஒன்று எண்ணை +91 போட்டு, ஐந்து இலக்கத்துக்கு ஒரு இடைவெளி விட்டு எழுதும். மற்றொன்று இடைவெளியை எடுத்துவிடும். எண் ஒன்றுதான், ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சாப்ட்வேருக்கு அது மாற்றம். மாறிவிட்டதே என்று இது அனுப்பும், அது தன் பாணியில் திருத்தும், மறுபடி மாற்றம். இரண்டாயிரம் எண் வைத்திருக்கும் எல்ஐசி ஏஜெண்ட் ஒருவரின் லேப்டாப்பில் இதைப் பார்த்தேன். அவருக்குப் பிராசசர் பிரச்சினையாகவே தெரியவில்லை, போன் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்றுதான் வந்தார். தொடர்பு எண்களுக்கு ஒரே ஒரு இடத்தை வைத்துக்கொண்டு மற்றதில் அணைத்துவிட்டால் தீர்ந்தது.

வாட்ஸ்அப் போல்டருக்கு வருவோம், கடையில் மிச்சமிருந்த பாரம் அதுதான். ஆண்ட்ராய்டு போன் ஒரு காலத்தில் பென் டிரைவ் போலத் தெரியும், பிறகு எம்டிபி என்ற முறைக்கு மாறியது. எம்டிபியில் கம்ப்யூட்டர் போனின் ஸ்டோரேஜை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஃபைலைப் பற்றியும் போனிடம் கேட்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு வேலை. பத்தாயிரம் காலை வணக்கம் படம் உள்ள போல்டரை இப்படிக் கேட்டுக் கேட்டு வாங்குவதற்குள் விடிந்துவிடும். அதற்குள் ஸ்டேட்டஸ் என்று ஒரு மறைவு போல்டர் வேறு. நீங்கள் பார்க்கும் ஸ்டேட்டஸ் படமும் வீடியோவும் அங்கே வந்து விழும், 24 மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் காலாவதியாகும், பிறகு போய்விடும். கூட்டுவதும் குறைப்பதுமாகவே சின்க் சாப்ட்வேரின் பொழுது போகும். சேர்க்க வேண்டாத போல்டர் பட்டியலில் முதல் பெயராக அது இருக்கட்டும்.

கம்ப்யூட்டரில் வந்து விழும் ஒவ்வொரு ஃபைலையும் ஆன்டிவைரஸ் திறந்து பார்க்கும், விண்டோஸ் தேடலுக்கான இண்டெக்சர் படித்து வைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் ஆன்டிமால்வேர் சர்வீஸ் மேலே நிற்பதைப் பார்த்துவிட்டு அதைத் திட்டுவார்கள், பாவம், அது தூண்டப்பட்டுத்தான் ஓடுகிறது. சின்க் போல்டரை ஆன்டிவைரஸிலிருந்து விலக்கிவிடு என்று பலர் சொல்வார்கள். வீட்டு போட்டோவுக்கு அதில்கூட யோசிக்கலாம். ஊரில் உள்ள எல்லாரும் ஃபைல் அனுப்பும் ஜெராக்ஸ் கடையில் அதைச் செய்யவே கூடாது. இண்டெக்சரிலிருந்து விலக்கலாம், அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

டாஸ்க் மேனேஜரில் புரோகிராமின் பிரயாரிட்டியை (முன்னுரிமையை) லோ ஆக்கு என்பதும் அடிக்கடி கேட்கும் யோசனை. வேறு வேலை எதுவும் இல்லாதபோது லோ பிரயாரிட்டி லூப்பும் கோரை முழுசாகத்தான் தின்னும். சூடும் குறையாது, சத்தமும் குறையாது, புரோகிராம் மறுபடி தொடங்கினால் செட்டிங்கும் போய்விடும்.

கடைசியில் கடையில் நாங்கள் செய்தது வாட்ஸ்அப்பை சின்க்கிலிருந்தே வெளியே எடுத்தது. பிரிண்ட்டுக்கு வாட்ஸ்அப் வெப் போதும். அண்ணனுக்குத் தேவை தன் குடும்பப் போட்டோவும் தொடர்பு எண்களும் மட்டும். எங்கெங்கோ உள்ளவர்களின் ஆதார் நகல் எல்லாம் தேதி வாரியாக அவர் ஹார்ட் டிஸ்கில் குவிந்து கிடந்ததை அப்போதுதான் இருவரும் பார்த்தோம், அழித்தோம். (ஆதாரில் முதல் எட்டு எண்களை மறைத்த நகலை, ஆதார் வழங்கும் யுஐடிஏஐ தளத்திலேயே எடுக்கலாம், வருகிறவர்களிடம் அதைச் சொல்லுங்கள் என்றேன். "சொன்னா கடையையே மாத்திடுவாங்கடா" என்றார்.)

சின்க் சர்வீஸை ஆட்டோமேடிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றிவைத்தேன், கடை மூடும் நேரத்தில் அண்ணனே திறந்து ஓடவிடுவார். பிராசஸ் மானிட்டர் லாகை அப்படியே இணைத்து அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டேன், எங்கே லூப் ஓடுகிறது என்று வரியோடு. சாப்ட்வேரை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யவும் என்று பதில் வந்தது. பிறகு வந்த ஒரு அப்டேட், மேனுவலில் இருந்த சர்வீஸை யாரையும் கேட்காமல் ஆட்டோமேடிக்குக்கு மாற்றிவிட்டது. அதனால் அப்டேட் வந்த மறுநாள் சர்வீசஸ் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள் என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.